ஏர் ரைஃபிள் சர்வீஸ் என்று 380 வெள்ளி வாங்கி ஏமாற்றிய ஆள்: ஊரில் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கவனம்

380 சிங்கப்பூர் வெள்ளி. ஊர்க் காசுக்கு 25,000 ரூபாய்க்கு மேல். அப்பாவின் ஏர் ரைஃபிளைப் பழுது பார்த்து, உள்ளே புது உறுப்புகள் போட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஒன்றையும் மாற்றவில்லை, இருந்ததையும் கெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று இரவுதான் முழு விவரமும் தெரிந்தது. பணம் வாங்கிய ஆள் இன்னமும் சிங்கப்பூரில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நம் ஆட்களிடம் வாடிக்கை பிடித்துக்கொண்டிருப்பதால் உடனே எழுதுகிறேன்.

ரைஃபிள் இங்கே இல்லை. சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் ஏர் கன் வைத்திருக்கவே கூடாது என்பது தெரியும். அது பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில், சித்தப்பா பொறுப்பில் இருக்கிறது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் பழைய ஜெர்மன் தயாரிப்பு, குழல் துளை 0.177 அங்குலம். தோப்பில் டின் கட்டித் தொங்கவிட்டு அப்பா சுடுவார். அப்பா காலமான பிறகு அது பரணில் கிடந்தது. சித்தப்பா எடுத்துச் சுட்டபோது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று அதிர்ந்தது, ரவை (சின்ன ஈயக் குண்டு) டின்னைத் துளைக்காமல் தெறித்து விழுந்தது. அதைச் சரி செய்து சித்தப்பா கையில் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை.

கடையின் பெயரைப் போடவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெரிய நகரத்தில் ஏர் கன் விற்பனை, சர்வீஸ் இரண்டும் செய்யும் கடை. அதற்கு இங்கிருந்து ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர்தான் இந்த ஆள். ஞாயிற்றுக்கிழமை ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசினோம். ஆள் விவரமாகத்தான் பேசினார். ஸ்பிரிங் விரியும்போது பிஸ்டன் முன்னால் பாய்கிறது, அது அமுக்கும் காற்றுதான் ரவையைத் தள்ளுகிறது, பிஸ்டன் முனையில் இருக்கும் சீல் தேய்ந்தால் காற்று ஒழுகி வேகம் போய்விடும் என்று தாளில் படம் போட்டே காட்டினார். எல்லாம் சரியான விஷயம். "அண்ணே, உங்க அப்பா பொருள், எங்க அப்பா பொருள் மாதிரி பார்த்துக்கிறேன்" என்றார். அந்த வார்த்தையில்தான் நம்பினேன். இறக்குமதி ஸ்பிரிங், புது சீல், ஸ்பிரிங்குக்குள் நிற்கும் கைடு, கூலி எல்லாம் சேர்த்து 380 வெள்ளி, முழுவதும் முன்பணம். அங்கேயே பேநவ்வில் (இங்கே கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் ஒரு வீடியோ வந்தது. எங்கள் ரைஃபிள்தான், அதன் மரக்கட்டையில் அப்பா செதுக்கிய எழுத்து தெரிகிறது. வேகம் அளக்கும் கருவியில் விநாடிக்கு 295 மீட்டர் என்று காட்டியது. "பார்த்தீங்களா அண்ணே, புது ரைஃபிள்கூட இப்படி அடிக்காது." சித்தப்பாவுக்கு அதை அனுப்பிவைத்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரைஃபிள் வீடு வந்ததும் சுட்டுப் பார்த்திருக்கிறார். பட்டாசு மாதிரி சத்தம், குழல் வாயில் புகை, கருகிய எண்ணெய் நாற்றம். குழலை மடக்கவே முடியாத அளவுக்குக் கனம். குறிபார்க்கும் டெலஸ்கோப்புக்குள் இருந்த குறுக்குக் கம்பி அறுந்துவிட்டது, கட்டையின் திருகுகள் கழன்று ஆடுகின்றன.

உடனே அந்த ஆளைக் கூப்பிட்டேன். "புது ஸ்பிரிங் அண்ணே, பழகணும், ஒரு டப்பா ரவை சுடட்டும்" என்றார். சித்தப்பா சுட்டார், புகை நிற்கவில்லை. அப்புறம் ரவை சரியில்லை என்றார். அதற்கப்புறம் சித்தப்பா ரவை போடாமல் வெறுமனே சுட்டிருப்பார் என்று பழியை அவர் மேல் போட்டார். ரவை இல்லாமல் சுட்டால் முன்னால் காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் போய் இடித்துச் சீல் நசுங்கும் என்பது உண்மைதான். ஆனால் சித்தப்பா அதை வாழ்க்கையில் செய்தவர் இல்லை. கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், கடைக்காரருக்குக் காய்ச்சல், கடைக்காரர் நம்பர் மாறிவிட்டது. கடைசியில், "நான் வெறும் இடையாள் அண்ணே, கடையோட பேசிக்குங்க." காசு வாங்கும்போது இடையாள் என்று சொல்லவில்லையே! இப்போது என் செய்திகளைப் படிக்கிறார், பதில் இல்லை.

தஞ்சாவூரில் சித்தப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வைத்துப் பொறுமையாகப் பிரித்தார். நேற்று இரவு வீடியோ அழைப்பில் எனக்கே காட்டினார். உள்ளே இருந்தது பழைய ஸ்பிரிங்தான். அதன் பின்னால் நாலைந்து இரும்பு வாசர்களை அடுக்கி இறுக்கியிருக்கிறார்கள், மடக்கக் கனமாக இருந்ததற்கு அதுதான் காரணம். சீல் பழையது, ஓரம் கருகியிருந்தது. கைடு என்ற இடத்தில் தண்ணீர்க் குழாய்த் துண்டு. பிஸ்டன் ஓடும் காற்று அறை முழுக்க எண்ணெய். பிஸ்டன் காற்றை அமுக்கும்போது வரும் சூட்டில் அந்த எண்ணெய் தீப்பிடித்து வெடிக்கிறது. வீடியோவில் தெரிந்த 295 அந்த வெடிப்பு ரவைக்குக் கொடுத்த வேகம், ஸ்பிரிங் கொடுத்த வேகம் இல்லை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

இன்னொன்றையும் மெக்கானிக் கணக்குப் போட்டுச் சொன்னார். 0.55 கிராம் ரவை விநாடிக்கு 295 மீட்டரில் போனால் அதன் ஆற்றல் கிட்டத்தட்ட 24 ஜூல். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் இல்லாமல் வைத்திருக்க உச்சவரம்பு 20 ஜூல். அவர்கள் பெருமையடித்தபடியே அது நிரந்தரமாக அடித்திருந்தால் எழுபது வயது சித்தப்பா காவல் நிலையத்தில் நின்றிருப்பார். 380 வெள்ளி போனதைவிட எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முழுப் பணமும் முன்னால் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் சீலையும் கண்டிப்பாகத் திருப்பிக் கேளுங்கள். வேகம் காட்டும் வீடியோவை நம்பாதீர்கள், பிரித்து மாட்டும் வீடியோ கேளுங்கள். புகை வந்தால் சுடுவதை நிறுத்துங்கள், காற்று அறையில் தையல் மெஷின் எண்ணெய் விடவே கூடாது. அமுக்கும் கருவி இல்லாமல் வீட்டில் பிரிக்காதீர்கள், ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும்.

அந்த ஆள் சிங்கப்பூரில்தான் இருக்கிறார், பணம் வாங்கியதும் இங்கேதான். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான வழக்குக்கு வாடிக்கையாளர் கட்டணம் 10 வெள்ளிதான். பேநவ் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, மெக்கானிக் எடுத்த படங்கள் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன், இந்த வாரமே பதிகிறேன். இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.