மின்சாரம் திரும்பியதும் எது ஓடும்? மீன் தொட்டி ஹேங்-ஆன் ஃபில்டர்கள்: ஓர் ஒப்பீடு

மின்சாரம் போய்த் திரும்பியதும் எங்கள் கூடத்தில் முதலில் குளிர்சாதனப் பெட்டி உறுமும். அடுத்து மீன் தொட்டியின் பின்னாலிருந்து, வறண்ட தொண்டையைச் செருமுவதுபோல ‘கர்ர்’ என்று ஓர் ஓசை வரும். நாலைந்து நொடியில் அது நீர் விழும் சலசலப்பாக மாறிவிட்டால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். மாறாவிட்டால் ஒரு செம்பு தண்ணீரோடு ஓட வேண்டும்.

தொட்டியின் பின்னால் மாட்டி நீரைச் சுத்தமாக்கும் ஹேங்-ஆன் ஃபில்டரின் அட்டைப் பெட்டியில் வாட் இருக்கும், மணிக்கு எத்தனை லிட்டர் என்று இருக்கும், தெளிந்த நீரில் ஒரு தங்கமீன் சிரிப்பதுபோல் படமும் இருக்கும். மின்வெட்டுக்குப் பிறகு தானாக ஓடுமா என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. நம் ஊரில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடை வரிசையில் ஒரு நடை போனால் பத்து வகை ஃபில்டர்கள் கண்ணில் படும். அவற்றின் நிறத்தையும் வடிவத்தையும் விட்டுவிட்டு, மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிடும்.

பெட்டியின் அடியில் மோட்டார்

வடிவம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். தொட்டியின் பின்கண்ணாடியில் மாட்டித் தொங்கும் ஒரு பெட்டி. தொட்டிக்குள் இறங்கும் ஓர் உறிஞ்சு குழாய். பெட்டிக்குள் பஞ்சு, பீங்கான் வளையம். மேலே வழிந்து அருவியாய் விழும் நீர்.

பழைய வகையில் மோட்டார் தொட்டிக்கு வெளியே, பெட்டியின் அடியில் இருக்கும். ஹேகன் நிறுவனத்தின் அக்வாகிளியர் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. உறிஞ்சு குழாய் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி வளைந்து வருகிறது. அந்த வளைவு முழுக்க நீர் நிரம்பியிருந்தால்தான் இம்பெல்லர், அதாவது மோட்டார் சுழற்றும் சின்ன விசிறி, நீரை இழுக்கும். முதல்முறை மாட்டும்போது பெட்டியில் நீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான்.

மின்சாரம் போனதும் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டியில் இருந்த நீர் அதே குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பியது. பெட்டியின் மட்டமும் தொட்டியின் மட்டமும் ஒன்றானதும் நின்றது. தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்ததால் பெட்டியிலும் முக்கால்வாசி நீர் தங்கியது. மின்சாரம் வந்ததும் சிறிது செருமிவிட்டு ஓடியது. இதையே தொட்டியின் நீர் நான்கு விரல்கடை இறங்கியிருந்த ஒரு மே மாதத்தில் பார்த்தபோது கதை வேறு. பெட்டி ஏறக்குறைய காலி. மோட்டார் வெறும் காற்றை அடித்துக்கொண்டிருந்தது.

அந்த மே மாதத்தில்தான் நாங்கள் மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் சேற்று நாற்றம். அப்போது என்னிடம் இருந்தது இதே அமைப்பில், விலை மலிந்த, பெயர் சொல்லும்படி இல்லாத ஒரு ஃபில்டர். இடையில் எப்போதோ மின்சாரம் போய் வந்திருக்கிறது. மோட்டார் கையில் சுட்டது, பஞ்சு கறுத்துப்போயிருந்தது, இரண்டு மோலி மீன்கள் செத்து மிதந்தன. தவறு ஃபில்டரை விட என்னுடையது: கிளம்பும் முன் தண்ணீர் ஊற்றி நிரப்பவில்லை.

எனவே அக்வாகிளியர் வகையை வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அதில் எனக்குப் பிடித்தது பெட்டியின் உள்ளே இருக்கும் இடம். அதே விலைக்குக் கிடைக்கும் பல ஃபில்டர்களை விட ஆழமான கூடை. அடியில் தடித்த பஞ்சு, நடுவில் கரி, மேலே பீங்கான். நீர் கீழிருந்து மேலேறி மூன்றையும் கடந்துதான் வெளியே வருகிறது. குழாயின் தலையில் இருக்கும் கைப்பிடியை நகர்த்தினால் வேகம் குறையும். அப்போது பெட்டிக்குள் இருக்கும் நீரே மீண்டும் மீண்டும் பஞ்சு வழியாகச் சுற்றும். எளிமையான, நல்ல யோசனை. தண்ணீர் மட்டத்தைக் கண்காணிக்கும் பொறுமை இருப்பவருக்கு இது பல ஆண்டுகள் உழைக்கும்.

தண்ணீருக்குள் மோட்டார்

இரண்டாம் வகையில் மோட்டார் உறிஞ்சு குழாயோடு சேர்ந்து தொட்டி நீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். அமெரிக்காவின் சீகெம் விற்கும் டைடல் இந்த வகை. தயாரிப்பது இத்தாலியின் சிச்சே. மோட்டார் எப்போதும் நீரில் இருப்பதால் நிரப்பும் வேலையே இல்லை. மின்சாரம் நூறு முறை போய் வந்தாலும் நூறு முறையும் ஓடத் தொடங்கும், இம்பெல்லரில் மணல் சிக்காத வரை. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் விலை குறைந்த ஃபில்டர்களிலும் இதே அமைப்பில் சில உண்டு. கடையில் கேட்டால் கவரைப் பிரித்துக் காட்டுவார்கள், மோட்டார் குழாயோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

டைடலில் மேல்மட்ட நீரை இழுக்கும் திறப்பும் உண்டு. தீவனத் துகள்களும் எண்ணெய்ப் படலமும் மிதக்கும் தொட்டிக்கு அது வரப்பிரசாதம். கப்பி மீன் குட்டி போடும் தொட்டிக்கோ அது எமன். பிறந்த குட்டிகள் மேலேதான் ஒதுங்கும். என் வீட்டில் கூடையைக் கழுவத் திறந்தபோது உள்ளே ஏழு குட்டிகள் பஞ்சுக்கும் சுவருக்கும் இடையே கொழுத்து வளர்ந்துகொண்டிருந்ததையும் கண்டிருக்கிறேன். உள்ளே போன மற்றவை என்ன ஆயின என்பது அந்த இம்பெல்லருக்குத்தான் தெரியும். குட்டி வேண்டுமென்றால் எந்த வகையாக இருந்தாலும் உறிஞ்சு வாயில் ஒரு பஞ்சு உறை மாட்டுவது நல்லது.

குறை என்று சொன்னால் விலை. அக்வாகிளியர், டைடல் இரண்டுமே இறக்குமதி. சில ஆயிரம் போகும். இன்னொன்று, தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டார் தன் சூட்டை நீருக்கே தரும். 6 வாட்டுக்குப் பெரிய விளைவு இல்லை என்றாலும், சித்திரை வெயிலில் நீர் 32 டிகிரியைத் தொடும்போது அதைக்கூட மனம் கணக்குப் போடும்.

அட்டை வகை

மூன்றாவது, கரி நிரப்பிய தட்டையான பஞ்சு அட்டையைச் செருகும் வகை. தயாரிப்பாளர் மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார். எனக்கு இந்த வகைமேல் மரியாதை இல்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். குடியேறிய வீட்டையே மாதாமாதம் குப்பையில் போடச் சொன்னால் என்ன செய்வது? மரைன்லேண்டின் பெங்குயின் ஃபில்டரில் சுழலும் சக்கரம் ஒன்றைத் தனியாக வைத்து இதற்கு வழி கண்டார்கள். அட்டை போனாலும் சக்கரத்தில் பாக்டீரியா தங்கும். மற்றவற்றில் அட்டையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெட்டிய பஞ்சையும் ஒரு வலைப்பை பீங்கான் வளையங்களையும் வையுங்கள். மலிவு ஃபில்டர் அன்றே தரம் உயர்ந்துவிடும்.

கரி அன்றாடத் தேவை அல்ல. மருந்து கொடுத்து முடித்தபின் அதை நீரிலிருந்து எடுக்க உதவும். மருந்து ஊற்றும் நாட்களில் கரி உள்ளே இருந்தால், ஊற்றிய மெதிலீன் புளூவை அதுவே குடித்துவிடும்.

எந்த அளவு?

எங்கள் தொட்டி 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். கணக்குப்படி 70 லிட்டர். மணலும் கல்லும் மேல் இடைவெளியும் போக 55 லிட்டர் நீர் இருந்தால் அதிகம். பொதுவான வழக்கம் மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 5 மடங்கிலிருந்து 8 மடங்கு. அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும் எண் பஞ்சு இல்லாமல் ஓடும்போது வருவது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சில் அழுக்கு ஏற ஏற அது இறங்கும். அக்வாகிளியர் 30 மணிக்கு 568 லிட்டர், டைடல் 35 ஏறத்தாழ 500 லிட்டர். இரண்டு அடித் தொட்டிக்கு இரண்டுமே தாராளம். பெயரில் இருக்கும் 30, 35 என்பது எவ்வளவு பெரிய தொட்டிக்கு என்ற கணக்கு; அது லிட்டர் அல்ல, அமெரிக்கக் காலன். இதைக் கவனிக்காமல் 100 லிட்டர் தொட்டிக்கு அக்வாகிளியர் 110 வாங்கி, நீரோட்டம் தாங்காமல் மீன்கள் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த நண்பர் ஒருவர் உண்டு.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்; இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரே நம் பிளக்கில் செருகினால் சுருள் கருகும். மின்மாற்றி வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. இந்த மோட்டார்களின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது என்பதால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே சுற்றும். கூடுதல் சூடும் சத்தமும் தனி. இங்கே விற்கும் 230 வோல்ட் மாதிரியையே வாங்கிவிடலாம்.

மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 6 வாட் மோட்டார் இரவு பகல் ஓடினாலும் மாதத்துக்கு நாலரை யூனிட்டைத் தாண்டாது.

பஞ்சு ஃபில்டரிடம் தோற்கும் இடம்

ஹேங்-ஆன் வகைகளை இவ்வளவு நேரம் ஒப்பிட்டுவிட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பஞ்சு ஃபில்டரை மறைப்பது நேர்மையல்ல. ஏர் பம்பில் ஓடும் அந்தக் கறுப்புப் பஞ்சு குட்டிகளை இழுக்காது, ஃபைட்டர் மீனைத் தள்ளாது, பேட்டரி ஏர் பம்பில் மாட்டினால் மின்வெட்டிலும் ஓடும். உயிரியல் வேலையை நன்றாகவே செய்யும். ஆனால் நீரைப் பளிங்குபோல் ஆக்காது. மிதக்கும் தூசியைப் பிடிப்பதில் ஹேங்-ஆனுக்கு ஈடாகாது. தொட்டிக்குள் கண்ணுக்கு உறுத்தலாக நிற்கும். அதற்கும் மின்வெட்டுத் தோஷம் உண்டு: ஏர் பம்பைத் தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே வைத்து, ஒருவழி வால்வு போடாமல் விட்டால், மின்சாரம் போனதும் நீர் குழாய் வழியாகப் பம்புக்குள் இறங்கிவிடலாம்.

ஹேங்-ஆன் தெளிவாக வெல்லும் இடம் கோடை. 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவில் தங்கும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5 அளவுக்கு இறங்கிவிடும். அருவியாய் விழும் நீர் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் மீன்கள் வாய் பிளந்து மேலே வருவது குறையும். கரியமிலவாயு செலுத்திச் செடி வளர்ப்பவருக்கு இதே கலக்கல் நட்டம், வாயு பறந்துவிடும். அவர் தொட்டிக்கு வெளியே மூடிய பெட்டியாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டர் பக்கம் போகலாம்.

மாட்டும்போது

உள்ளூரில் ஒட்டிய தொட்டிகள் பலவற்றில் மேல் விளிம்பை ஒட்டி உள்பக்கமாக ஒரு கண்ணாடிப் பட்டை ஓடும். அதற்கு வெளியே ஃபில்டரைத் தொங்கவிட முடியாது. குழாய் இறங்க இடமிருக்காது. வாங்கும் முன் ஒரு அளவுகோலோடு தொட்டியின் பின்னால் எட்டிப் பாருங்கள். மூடி இருந்தால் அதில் ஒரு பகுதியை வெட்டவேண்டி வரும். தொட்டிக்கும் சுவருக்கும் நான்கைந்து அங்குல இடைவெளி வேண்டும். மின்கம்பி பிளக்கை விடக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விடுங்கள். கம்பியில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

இரவில் சலசலப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வீட்டில் புகார் வந்தால் அது பெரும்பாலும் தண்ணீர் குறைந்ததன் அறிகுறி. மட்டம் ஒரு விரல்கடை ஏறினாலே ஓசை அடங்கும். கடகடவென்று அதிர்ந்தால் இம்பெல்லரை வெளியே எடுத்துப் பாருங்கள். மணல் இருக்கும், அல்லது போர்வெல் நீரின் உப்பு வெள்ளைப் படிவமாக ஒட்டியிருக்கும். நீர்த்த வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசினால் போதும்.

பஞ்சை ஒருபோதும் குழாய் நீரில் கழுவாதீர்கள். குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளி நீரில் நாலு முறை பிழிந்து, மண் நிறம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே திரும்ப வையுங்கள். பஞ்சும் பீங்கானும் ஒரே நாளில் வேண்டாம். மின்சாரம் பல மணி நேரம் இல்லாமல் போயிருந்தால், வந்த வேகத்தில் ஓடவிடாமல் முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அந்த நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

மதுரையில் இருக்கும் தங்கை சென்ற மாதம் ஒரு ஃபைட்டர் மீனுக்காக 15 லிட்டர் தொட்டி வாங்கினாள். பஞ்சு ஃபில்டர் போதும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், “அண்ணா, அருவி மாதிரி விழுறதைப் பார்த்து நான் ஏற்கெனவே அதை வாங்கிட்டேன்” என்றாள். இப்போது அந்த அருவியின் அடியில், கழுவிய தண்ணீர் பாட்டில் ஒன்றின் வெட்டிய துண்டு மாட்டியிருக்கிறது. நீர் அதில் விழுந்து கண்ணாடி ஓரமாய் மெல்ல வழிகிறது. மீன் அந்தத் துண்டின் நிழலில்தான் உறங்குகிறதாம். என் தொட்டியிலோ, கண்ணாடியின் ஓரத்தில் மூன்று விரல்கடை கீழே ஒரு துண்டு நீல நிற இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்டால், வீட்டில் யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் செம்பை எடுக்க வேண்டும்.