68,500 ரூபாவும் இரண்டு ‘ரெஜ்’ கோப்புகளும்: மட்டக்களப்பில் சேர்வர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

68,500 ரூபா. முன்பணமாக 40,000. ‘எல்லாம் சரி அக்கா’ என்று இயந்திரத்தைத் திருப்பித் தந்த அன்று மிச்சம் 28,500. இரண்டு தடவையும் என் கையாலேயே எண்ணிக் கொடுத்தேன். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

கல்லடியில் சிறிய கணக்குப்பதிவு அலுவலகம் நடத்துகிறேன். நாற்பது கடைகளின் கணக்கு பின்னறையில் உள்ள ஒரு பழைய சேர்வரில் இருக்கிறது. அதன் ஃபர்ம்வேர் (இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை எழுத்துக்கோப்பாக எடுத்து, திருத்தி, திரும்ப உள்ளே எழுதுவதற்கு ஒரு சிறு மென்பொருள் உண்டு. எங்கள் மாதிரி இயந்திரத்தை அது சரியாக அறியாது என்பதால், முன்பு வேலை பார்த்த தம்பி 01 முதல் 05 வரை இலக்கமிட்ட ஐந்து பேட்ச் கோப்புகளை (மென்பொருளின் மூல நிரலில் எந்த வரியை எடுத்து எதைப் போடுவது என்று சொல்பவை) வைத்துவிட்டு வெளிநாடு போனார். இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் பழைய மென்பொருள் ஓட மறுத்தது. மூல நிரலிலிருந்து மறுபடி உருவாக்க வேண்டும். அதற்காகத்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம், நகரிலுள்ள ஒரு கணினித் திருத்தகத்துக்குப் போனேன்.

நம்பியது எப்படி என்று கேட்பீர்கள். அங்கிருந்த பையன் பிளேன்டீ வரவழைத்தான். என் சிவப்புப் பென்டிரைவைச் செருகி, 03ஆம் கோப்பைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினான். “கழித்தல் குறி போட்ட வரி போகும், கூட்டல் குறி போட்ட வரி வரும். இவ்வளவுதான் அக்கா.” சொன்னது உண்மைதான். அதனால்தான் விழுந்தேன். ஒரு வருடப் பராமரிப்பும் சேர்த்து 68,500 என்றான். தலையாட்டினேன். பற்றுச்சீட்டில் ‘சேவைக் கட்டணம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

கொண்டுவந்து வைத்து முதல் தடவை நிறுத்தி இயக்கியதுமே சேர்வர் வன்தட்டுகளைக் காணவில்லை என்றது.

தொலைபேசியில் கேட்டேன். மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும் என்றார்கள். தூக்கிக்கொண்டு போனேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, இரண்டு வன்தட்டுகளும் செத்துவிட்டன, புதிதாகப் போட 1,40,000 ஆகும் என்றார்கள். ஒரே இரவில் இரண்டுமா? முதலாளியிடம் பேச வேண்டும் என்றேன். கொழும்புக்குப் போயிருக்கிறாராம். மூன்று நாளும் கொழும்பிலேயே இருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் மட்டும் கடை வாசலில் நின்றது. நாலாம் நாள் அகப்பட்டார். “ஒப்பமிட்டுத்தானே வாங்கிக்கொண்டீர்கள் மிஸ்?” பணம் கொடுக்கும்வரை அக்கா, பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மிஸ்.

மொறட்டுவையில் படிக்கும் அக்காவின் மகனைக் காணொளி அழைப்பில் பிடித்தேன். திரையையும் விசைப்பலகையையும் பொருத்தி, தொடக்கத்திலேயே அமைப்புப் பக்கத்துக்குள் போகச் சொன்னான். வன்தட்டுகளுக்கான கட்டுப்படுத்தி ‘முடக்கம்’ என்று கிடந்தது. ‘இயக்கம்’ என்று மாற்றிச் சேமித்தேன். செத்துப்போன இரண்டு வன்தட்டுகளும் எழுந்து உட்கார்ந்தன! இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு அவர்கள் வேலை செய்த கோப்புறையைத் திறந்தோம். ‘ரெஜ்’ என்று முடியும் இரண்டு கோப்புகள், 03க்கு ஒன்று, 04க்கு ஒன்று. பேட்ச் கோப்பில் மாறும் வரிக்கு மேலும் கீழும் வழக்கமாக மும்மூன்று மாறாத வரிகள் இருக்கும். இடத்தை அடையாளம் காண்பது அவற்றை வைத்துத்தான். இவர்கள் இணையத்திலிருந்து புதிய பதிப்பின் மூல நிரலை இறக்கி, பழைய பதிப்புக்கு எழுதிய என் பேட்ச்களை அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள். இடம் பொருந்தாத துண்டைப் பேட்ச் போடும் கருவி ஏற்காது. ‘ரெஜ்’ கோப்பில் ஒதுக்கிவிட்டு மற்றதைத் தொடரும். ஒதுக்கியதாகத் திரையில் சொல்லவும் செய்யும். அதை வாசித்து, பேட்சைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் திருத்துவதுதான் வேலையே. அதற்குத்தான் 68,500. எங்கள் இயந்திரத்தில் எந்த அமைப்பு எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்வது அந்த 03தான். அது ஏறாமலே மென்பொருளை உருவாக்கி, என் சேர்வரில் ஓட்டிவிட்டார்கள். முகவரி மாறி எழுதியதில்தான் கட்டுப்படுத்தி முடங்கியது. தெரியாமல் செய்தது தவறு. வன்தட்டு செத்தது என்று இன்னும் 1,40,000 கேட்டதற்கு என்ன பெயர் வைப்பது?

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. இயந்திரத்தைக் கொடுக்குமுன் இருக்கிற அமைப்புகளை ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பின் மூல நிரலில் பேட்ச் போடுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள். வாங்கும்போது ‘ரெஜ்’ கோப்பு கிடக்கிறதா என்று தேடுங்கள். செய்த வேலையை வரிவரியாக எழுதாத பற்றுச்சீட்டை வாங்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நாளை காலை நான் அழைக்கப்போகிறேன்.

சிவப்புப் பென்டிரைவையும் இன்னும் தரவில்லை.