பேத்திக்கு ஒரு மாடல் ரயில்: சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தைக்கு மாடல் ரயில் வாங்கும்போது என்ஜின் எவ்வளவு அழகு, பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். தடம் புரண்ட பெட்டியைக் குழந்தையே தூக்கித் தண்டவாளத்தில் திரும்ப வைக்க முடிகிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் தடம் புரளும். தினமும் புரளும். ஒவ்வொரு தடவையும் "தாத்தா" என்று கூப்பிட வேண்டியிருந்தால் கொஞ்ச நாளில் அது தாத்தாவின் விளையாட்டாகிவிடும், குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

பேத்திக்கு ஆறு வயது நடக்கும்போது ஆரம்பித்தோம், இப்போது பத்து நெருங்குகிறது. எதெது தாக்குப்பிடித்தது, எதெது பெட்டிக்குள் திரும்பிப் போனது என்று சொல்லும் அளவுக்கு ஓட்டியாகிவிட்டது. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மரத்தண்டவாளம், கையால் தள்ளும் வண்டி, அதுவே போதும். சின்ன காந்தம், பட்டன் பேட்டரி உள்ள சாமான் எதுவானாலும் கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், விளையாட்டான விஷயம் இல்லை.

சரி, அளவுக்கு வருவோம். நான் எடுத்தது ஹெச்ஓ ஸ்கேல், அதாவது 1:87, நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே (கேஜ் என்பார்கள்) 16.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் மாடல்களில் ஓஓ என்று வருவது 1:76 என்றாலும் ஓடுவது இதே 16.5 தண்டவாளத்தில்தான். இடம் மிச்சம் என்று 'என்' ஸ்கேலைப் பலர் சொல்வார்கள். 1:160, கேஜ் 9 மில்லிமீட்டர். பார்க்க அருமை, ஒரு மேசைக்குள் ஒரு ஊரையே வைக்கலாம். ஆனால் ஒரு பெட்டியின் எட்டுச் சக்கரத்தையும் 9 மில்லிமீட்டரில் ஒரே நேரத்தில் உட்கார வைக்க எனக்கே கண்ணாடி மாட்ட வேண்டியிருக்கிறது, ஆறு வயது விரலிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. ஓ ஸ்கேல் 32 மில்லிமீட்டர், கைக்கு நன்றாக அடங்கும், ஆனால் ஒரு வளைவு திரும்புவதற்கே அறை தீர்ந்துவிடும்.

தண்டவாளம் வாங்கும்போது அடியில் பிளாஸ்டிக் ஜல்லிப் படுக்கையோடு சேர்ந்தே வரும் வகையைத்தான் வாங்குங்கள். கேட்டோ யூனிட்ராக், பேக்மன் ஈஸி ட்ராக், மெர்க்லின் சி ட்ராக் எல்லாம் இந்த ரகம். அழுத்தினால் க்ளிக் என்று பிடிக்கும், பிரித்தால் பிரியும், தரையிலும் மேசையிலும் தட்டையாக நிற்கும். ஆணி அடித்துப் பொருத்தும் வெறும் ட்ராக் மலிவாகக் கிடைக்கலாம், பார்க்கவும் நிஜம்போல இருக்கும். ஆனால் ஒரு தடவை அடித்தால் அப்புறம் குழந்தைக்கு அதில் வேலை இல்லை, சுற்றி ஓடுவதைப் பார்ப்பதைத் தவிர. பேத்தி ரயில் ஓட்டிய நேரத்தைவிட ட்ராக்கைப் பிரித்துச் சேர்த்த நேரம்தான் அதிகம் என்பேன். ஒன்று மட்டும் கவனம், ஒரு கம்பெனியின் ஜல்லிப்படுக்கை ட்ராக் இன்னொன்றோடு நேரடியாகச் சேராது. மெர்க்லின் ஹெச்ஓ நடுவில் மின்தொடுப்பு வைத்த மூன்று தண்டவாள முறை, அதன் என்ஜின் மற்றவர்களின் இரண்டு தண்டவாள ட்ராக்கில் ஓடாது. அதனால் முதலில் வாங்கும் செட் எதுவோ அதோடுதான் பல வருடம் குடித்தனம்.

வளைவு எவ்வளவு குறுகலோ அவ்வளவு தடம் புரளும். ஹெச்ஓவில் தொடக்க செட்டுகளின் வளைவு ஆரம் பெரும்பாலும் 36 சென்டிமீட்டரிலிருந்து 46 வரை இருக்கும். மேசையில் இடம் இருந்தால் பெரியதையே எடுங்கள். இன்னொரு பக்கம், நிஜத்தில் 26 மீட்டர் இருக்கும் பயணிகள் பெட்டி 1:87இல் 30 சென்டிமீட்டருக்கு வரும், அது குறுகலான வளைவில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு போகும். நான்கு சக்கரச் சரக்கு வேகன்தான் குழந்தைக்குத் தோழன். நான்கு சக்கரத்தை வைப்பது சுலபம், வளைவில் முரண்டு பிடிக்காது, மேலே ஏதாவது ஏற்றி இறக்கலாம். பேத்தி ஏற்றியவற்றில் பாசிமணி, சாக்பீஸ் துண்டு, ஒரு பொம்மையின் செருப்பு எல்லாம் அடக்கம்.

அப்படியும் நடு வேகன் ஒன்று வளைவின் உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்துகொண்டே இருந்தது. காரணம் எடை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஹெச்ஓ வேகனுக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குல வேகன் என்றால் 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். செட்டோடு வந்த வேகன்கள் அதில் பாதிகூட இல்லை. உள்ளே இரும்பு வாஷர்களை அடிமட்டத்தில் ஒட்டினோம், விழுவது பாதிக்குமேல் குறைந்தது. கனமான வேகன் என்ஜினுக்குப் பக்கத்தில், லேசானது கடைசியில் என்பதையும் அவளே பழகிக்கொண்டாள்.

தூக்கி வைப்பதற்கு ரீரெய்லர் என்று ஒரு பிளாஸ்டிக் சரிவு கிடைக்கும், சக்கரம் அதில் உருண்டு தானாகத் தண்டவாளத்தில் இறங்கிக்கொள்ளும். லெவல் கிராசிங் வடிவிலேயே இந்த வசதி வைத்த நேர் ட்ராக் துண்டும் உண்டு. பெட்டியை அதன்மேல் வைத்து இரண்டு தடவை முன்னும் பின்னும் தள்ளினால் முடிந்தது. நான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் எது என்றால் இந்தத் துண்டைத்தான் காட்டுவேன்.

பேத்தி தானாகக் கண்டுபிடித்ததில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதல் வருடம் சாதாரண டிசி கன்ட்ரோலர்தான், அதாவது தண்டவாளத்துக்கு நேர்மின்சாரம் கொடுத்துக் குமிழைத் திருகி வேகத்தை மாற்றும் பெட்டி. என்ஜின் பின்பக்கமாகப் போகிறது என்று அவள் அதைத் தூக்கித் திருப்பி வைத்தாள், அது பழைய திசையிலேயே போனது. மறுபடி திருப்பினாள், அதே. டிசியில் திசையைத் தீர்மானிப்பது எந்தத் தண்டவாளம் பாசிட்டிவ் என்பதுதான், என்ஜினின் மூக்கு எந்தப் பக்கம் என்பதல்ல. திருப்பி வைக்கும்போது மோட்டாருக்குப் போகும் மின்சாரமும் மாறிவிடுவதால் தண்டவாளத்தில் போகும் திசை மாறாது. அடுத்தது, பாயின்ட் (ஒரு தடம் இரண்டாகப் பிரியும் துண்டு) வைத்து ரயில் வட்டமடித்து வந்த வழியிலேயே திரும்புகிற மாதிரி ஒரு ட்ராக் போட்டாள், இயல்பாக எந்தக் குழந்தைக்கும் தோன்றுவதுதான். கன்ட்ரோலர் உடனே கட் ஆனது. இரண்டு தண்டவாள முறையில் அப்படி வளைத்துக் கொண்டுவந்தால் இடது தண்டவாளம் போய் வலதைத் தொடும், ஷார்ட் சர்க்யூட். காகிதத்தில் சிவப்பு, நீலம் என்று இரண்டு கோடு போட்டுக் காட்டினேன், கோடுகள் மோதும் இடத்தை அவளே விரல் வைத்துக் காட்டினாள். மூன்று தண்டவாள முறையில் இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாயின்ட் விஷயத்தில் கையால் தள்ளும் லீவரே போதும், மோட்டார் வேண்டாம், தள்ளுவதில்தான் சுகம். ஆனால் செட்டோடு வந்த குட்டி நான்கு சக்கர என்ஜின் பாயின்ட்டின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டில் மின்சாரம் கிடைக்காமல் அப்படியே நின்றுவிடும், விரலால் தள்ளிவிட வேண்டும். எல்லாச் சக்கரத்திலும் மின்சாரம் எடுக்கும் நீள என்ஜின் வந்த பிறகு அந்தப் பிரச்சினை போனது.

மேசை அவளுடைய மார்பு உயரத்துக்கும் கீழே. ஓரம் முழுக்க ஐந்து சென்டிமீட்டர் சட்டம் அடித்திருக்கிறேன், கீழே விழுந்த என்ஜினில் பெட்டியை மாட்டும் கொக்கியான கப்ளிங் முதலில் போகும் என்பதால். தரையில், அதுவும் கார்ப்பெட்டில் வேண்டவே வேண்டாம். நூலும் முடியும் பற்சக்கரத்துக்குள் சுற்றிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. குகை கேட்டாள், அட்டையில் செய்து கொடுத்தேன், ஒரு பக்கம் கை போகும்படி திறந்தே விட்டு. ரயில் கண்டிப்பாகக் குகைக்குள்தான் கவிழும். மேம்பாலம் கேட்டாள், அதற்கு மட்டும் கணக்குச் சொல்லி மறுத்தேன்: ஒரு ட்ராக்குக்கு மேல் இன்னொன்று போக எட்டு சென்டிமீட்டர் உயரம் வேண்டும், நூற்றுக்கு நான்கு ஏற்றம் என்று வைத்தாலே ஏற இரண்டு மீட்டர், இறங்க இரண்டு மீட்டர். குட்டி என்ஜினுக்கு அந்த ஏற்றமே அதிகம். நீலக் காகிதத்தை ஆறாக விரித்து மேலே தட்டையாக ஒரு பாலம் போட்டாள், பிரச்சினை தீர்ந்தது.

வேகம் பற்றி என்ன சொல்ல. கன்ட்ரோலர் குமிழ் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி இதைத் தாண்டக்கூடாது என்றேன், ஸ்டிக்கர் மரியாதைக்கு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிசிசி டிஜிட்டலுக்கு மாறிய பிறகு, என்ஜினுக்குள் அந்தக் கட்டளையை வாங்கும் சில்லான டீகோடரில் சிவி 5 என்ற அமைப்பைக் குறைத்து உச்ச வேகத்தைக் கட்டிப்போட்டேன். ஆனால் டிஜிட்டலுக்கு எட்டு வயதுக்குமேல் போனால் போதும். புது டீகோடர்கள் எல்லாம் முகவரி 3 என்ற ஒரே அடையாள எண்ணோடுதான் வரும், மாற்றும்வரை இரண்டு என்ஜினும் ஒரே கட்டளைக்குச் சேர்ந்து ஓடும், சின்னப் பிள்ளைக்கு அது குழப்பம்தான். இப்போது இரண்டு என்ஜினையும் ஒரே ட்ராக்கில் தனித்தனியாக ஓட்டுகிறாள், எதிரெதிராக மோதவும் விடுகிறாள்.

பராமரிப்பு அதிகமில்லை. தண்டவாளத்தை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பேன், கரன்ட்டை நிறுத்திவிட்டு, அவள் இல்லாத நேரத்தில். உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு இன்னும் சேரும். என்ஜின் பற்சக்கரத்துக்கு பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. என்ஜினை ஓட்டும் சக்கரத்தில் மாட்டியிருக்கும் குட்டி ரப்பர் வளையம் தேயும், கழன்று தொலையும், வாங்கும்போதே உபரி வாங்கி வையுங்கள், பாக நம்பர் இருக்கும் கையேட்டையும் எறியாதீர்கள்.

இப்போது பேத்திக்கு வேறு ஆசை வந்திருக்கிறது. ட்ராக்கை ஒட்டிவிட்டு மலை, மரம், ஸ்டேஷன் எல்லாம் நிரந்தரமாக வைக்க வேண்டுமாம். படமும் வரைந்து வைத்திருக்கிறாள், அதில் அந்த மேம்பாலமும் இருக்கிறது. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.