தலைவலிக்குச் சாய்வுப் பலகை சொன்ன இடம்

தஞ்சாவூரில், மாடியில் இயங்கும் ஓர் இயன்முறை மருத்துவ நிலையம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று, காத்திருக்கும் கூடத்துத் தொலைக்காட்சிக்காக. கழுத்து வலிக்காரர்கள் வரும் இடத்தில் அதைக் கூரையை ஒட்டி மாட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அண்ணாந்து சீரியல் பார்க்கிறார்கள்.

நான் தஞ்சாவூர் ஓவியம் செய்பவள். தரையில் கிடக்கும் பலகைமேல் குனிந்து பசையால் மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டும் வேலை. மாலையானால் இரண்டு பொட்டும் பிடரியும் இறுகி அழுத்தும். கண்ணாடியைச் சோதித்தாயிற்று, பவர் சரி.

அங்கிருந்த பெண், குமட்டுகிறதா, ஒரு பக்கம் மட்டும் துடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, "அக்கா, வேலை செய்வதுபோல் உட்கார்ந்து காட்டுங்கள்" என்றார். பிடரியில் மண்டை ஓட்டுக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். வலி நெற்றியில் தெரிந்தது! மேல்கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சேர்வதால் கழுத்தின் வலி நெற்றியில் தெரியுமாம். தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தின்மேல் விழும் சுமை ஏறக்குறைய 27 கிலோ என்று 2014இல் ஒரு மருத்துவர் கணக்கிட்டிருக்கிறார். ஒரு சிப்பம் அரிசியைவிடக் கூடுதல்.

'எலும்பு விலகிவிட்டது' என்று பயமுறுத்தவில்லை. குனிகிறவர்கள் எல்லோருக்கும் தலைவலி வருவதில்லை, தூக்கக் குறைவும் கவலையும் சேர்ந்தே இறுக்குகின்றன என்றார். மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலி தரும் என்றும் எச்சரித்தார்.

ஒத்தடமும் கரண்டும் (வலிக்கும் இடத்தில் லேசாக மின்சாரம் பாய்ச்சும் சிகிச்சை) சுகமாகத்தான் இருந்தன; வீடு வந்து விளக்கேற்றுவதற்குள் வலியும் வந்துவிட்டது. தனிக் கட்டணம் வேறு. பலன் தந்தவை காசில்லாதவை: முகவாயை நேராகப் பின்னுக்கு இழுப்பது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது. கூடவே, படத்தை உயர்த்தச் சொன்னார். கீழவாசலில் ஓர் ஆசாரியிடம் பழைய கணக்குப்பிள்ளை மேசைபோல் சாய்வுப் பலகை செய்து வாங்கினேன். மேடு ஈரமாக இருக்கும்போது சாய்வைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியும். ரேக்கு ஒட்டும்போது நன்றாக நிமிர்த்திக்கொள்ளலாம். இப்போது ஆர்டர் நெருக்கும் நாட்களில்தான் தலை வலிக்கிறது.

லிஃப்ட் இல்லை. காலையில் கூட்டம் குறைவு. கரண்ட் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள்.