மலையகத்தில் முருகைத் தொட்டியைப் பெரிதாக்க: மூன்று வழிகளில் எது உங்களுக்கு?

முருகைத் தொட்டி என்றால், கடல்நீரில் முருகை எனும் பவளத்தையும் மீனையும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. இரண்டடித் தொட்டியில் ஒரு சோடி கோமாளி மீனும் நாலைந்து மென்முருகையும் வைத்து ஒரு வருடம் தாக்குப்பிடித்தவருக்கு அடுத்து வரும் ஆசை நான்கடித் தொட்டிதான். உடனே கொழும்பில் தொட்டி வைத்திருக்கும் கூட்டாளியிடம் யோசனை கேட்போம். "மச்சான், முதல்ல சில்லருக்குக் காச எடுத்து வை" என்பார்; தண்ணீரைக் குளிர வைக்கும் கருவிதான் சில்லர். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருப்பவருக்கு இது அப்படியே தலைகீழ். கரையோரத்தில் தண்ணீரைக் குளிர வைக்கப் படாத பாடு படுகிறார்கள். இங்கே அதைச் சூடாக வைத்திருப்பதுதான் பாடு. முருகைகளுக்கு 24 முதல் 27 டிகிரி வேண்டும். நுவரெலியாவின் வருடச் சராசரியோ 16 டிகிரி அளவில் நிற்கிறது. தை மாத விடியற்காலைகளில் ஒற்றை இலக்கத்துக்கும் இறங்கும்.

பெரிதாக்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, நான்கடித் தொட்டியும் அதன் அடியில், அலமாரிக்குள், சம்ப் எனும் துணைத் தொட்டியும்: தண்ணீர் மேலிருந்து சம்புக்குள் விழும், பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். இரண்டு, அதே நான்கடிதான். ஆனால் பின்பக்கம் கண்ணாடி தடுத்து, வடிகட்டி, ஹீட்டர், பம்ப் எல்லாவற்றையும் அந்த அறைகளுக்குள்ளேயே அடக்கியது. மூன்று, பழைய இரண்டடியை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு மூன்றடியை வைத்து இரண்டையும் குழாயால் இணைப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீமெந்துத் தரையுள்ள சொந்த வீடு என்றால் முதல் வழி. பலகைத் தரை, லயத்துக் காம்பிரா, வாடகை வீடு என்றால் இரண்டாவது. மூன்றாவது வழி சட்டைப் பைக்கு இதமாகத் தெரியும். மலையில் அதுதான் அதிகம் படுத்தும்.

சூடு

120 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 50 உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 270 லீற்றர் கொள்ளும். சம்பும் சேர்ந்தால் 300 லீற்றர் தாண்டும். அறை 15 டிகிரி, தண்ணீர் 25 டிகிரி என்றால் இப்படியொரு தொட்டி 150 முதல் 200 வாட் வரை வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும் என்பது என் கணக்கு. இதில் கண்ணாடி வழியே போவது பாதி. மீதியில் பெரும்பகுதி ஆவியாதலில் போகிறது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யுனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துப் போகும். கொழும்புக்காரர் தொட்டிக்கு மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டு இரண்டு டிகிரி குறைப்பது இதே கணக்கில்தான். நாம் அந்த விசிறியைக் கழற்றிவிட்டு மூடியைப் போட வேண்டும்.

சம்ப் இங்கே கொஞ்சம் பாதகம். தண்ணீர் விழுந்து குமிழ்த்து ஓடுவதால் ஆவியாவது கூடும். அலமாரியின் உட்பலகை ஈரத்தில் ஊதும். காலையில் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கும். சம்புக்கு மூடி போட்டு, அலமாரியின் உட்சுவரில் தெர்மோகோல் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்னறைத் தொட்டியில் இந்தத் தொல்லை குறைவு. இணைத்த தொட்டிகள்தான் மோசம். 60 லீற்றர் பிடிக்கும் இரண்டடித் தொட்டிக்கு அதன் தண்ணீரோடு ஒப்பிடும்போது கண்ணாடிப் பரப்பு அதிகம். கரண்ட் போனால் அது மணிக்கு முக்கால் டிகிரிக்கு மேல் இறங்கும். 300 லீற்றர் அரை டிகிரியில் நிற்கும். இரண்டையும் இணைத்தால், சிறியது பெரியதன் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

எந்த வழியானாலும் ஒரு பெரிய 300 வாட் ஹீட்டர் வேண்டாம்; இரண்டு 150 வாட் போடுங்கள். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் கெடும்போது பல சமயம் "ஓன்" நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். 300 வாட் அப்படி ஒட்டினால் தண்ணீர் அறையை விட 15 டிகிரிக்கும் மேலே போய், பகல் வெயிலில் எல்லாம் வெந்துவிடும். 150 வாட் ஒட்டினால், மலைக் குளிரில் அது தனியாகத் தொட்டியைக் கொல்வது கடினம், மற்றது அணைந்துகொள்ளும். ஹீட்டர்களுக்கு வெளியே தனியான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றையும் பூட்டினால் நிம்மதி.

மின் கட்டணத்தையும் நினைவில் வையுங்கள். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. நாளுக்கு இரண்டு மூன்று யுனிட் கூடினால் மாத பில் அடுத்த படிக்குத் தாவலாம். மூடிக்குச் செலவழிக்கும் காசு இதில்தான் திரும்பி வரும்.

காற்று

ஆனால் மூடியை இறுக்கிப் போடவும் முடியாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவு குறையும். ஹட்டன் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. குளிர்ந்த தண்ணீர் அதிக ஒட்சிசன் பிடிக்குமே என்று கேட்கலாம். ஆற்று மீனுக்கு அது சரி. நாம் தண்ணீரை 25 டிகிரிக்குச் சூடாக்கிவிடுகிறோம், ஆகவே குளிரின் லாபம் கிடையாது, உயரத்தின் நட்டம் மட்டும் மிச்சம். கரையோரத்தில் எழுதப்பட்ட "இத்தனை லீற்றருக்கு இத்தனை மீன்" கணக்கைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

இந்த இடத்தில் சம்ப் முந்துகிறது. விழும் தண்ணீரும், காற்றுக் குமிழால் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் பெரிய ஸ்கிம்மரும் காற்றை நன்றாகக் கலக்கும். பின்னறைத் தொட்டியில் சிறிய ஸ்கிம்மர்தான் நுழையும். அதை ஈடுகட்ட மேற்பரப்பைக் கலக்கும் ஒரு அலை பம்ப் அவசியம். குளிருக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்திய வீட்டில், அதிலும் விறகடுப்பு எரிந்தால், காபனீரொட்சைட்டு ஏறி விடியற்காலையில் தொட்டியின் பி.எச். இறங்கும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் வழியே வெளியே விட்டால் இது சீராகும். வெளியே மரக்கறித் தோட்டமோ தேயிலை மலையோ இருந்து, மருந்தடிக்கும் நாள் என்றால் குழாயை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால்

மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவம், ஊவாப் பக்கம் வடகீழ்ப் பருவம். இரண்டிலும் கம்பியில் மரம் விழுவது வழக்கம். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கரண்ட் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் சம்புக்கு இறங்கும். மேலே சொன்ன அளவுத் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினாலே ஐந்து லீற்றருக்கு மேல். நான்கு சென்ரிமீற்றரும் குழாயில் நிற்கும் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு பெரிய வாளி நிறைந்து வழியும். சம்பில் அவ்வளவு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தண்ணீரை மேலே ஏற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் பம்ப் நின்றதும் அதுவே உறிஞ்சுகுழாயாகி இன்னும் கீழே இழுக்கும். அதைத் தடுக்க, மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சின்னத் துளை போடுவார்கள்: நீர் துளைவரை இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிடும். அந்தத் துளையில் ஒரு குட்டி நத்தை வந்து குந்தினால் போதும், பலகைத் தரை நனைந்துவிடும். வாரம் ஒருமுறை ஈர்க்கால் குத்திப் பார்க்க வேண்டும்.

பின்னறைத் தொட்டியில் இந்தக் கதையே இல்லை. தண்ணீர் போக வேறு இடமில்லை. பலகைத் தரைக்கு அதைச் சொல்வது இதனால்தான். இணைத்த தொட்டிகளில், வளைகுழாயில் ஒரு காற்றுக் குமிழ் சேர்ந்து தொடர்பு அறுந்தால், பம்ப் ஓடிக்கொண்டே ஒரு பக்கம் வற்றி மறுபக்கம் வழியும். கரண்ட் போகவே தேவையில்லை.

இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா என்ற கேள்வியும் வரும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாவிக்கக்கூடிய பாதி சுமார் 600 வாட்-மணி. அதில் 10 வாட் அலை பம்ப் ஒன்றை ஒன்றரை நாளுக்கு மேல் ஓட்டலாம். இரண்டு ஹீட்டரையும் போட்டால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே பேட்டரி காற்றுக்கு மட்டும். சூட்டுக்கு அடுப்பு இருக்கிறது: கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் நிரப்பி மூடிய இரண்டு லீற்றர் போத்தல்கள் நான்கைந்து, 300 லீற்றரை ஏறக்குறைய ஒரு டிகிரி உயர்த்தும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் இறக்காதீர்கள், நீர்மட்டம் ஏறி வழியும். தொட்டியைச் சுற்றி ஒரு கம்பளி போர்த்திவிட்டால் இரவு கழிந்துவிடும். ஜெனரேட்டர், சத்தத்தையும் புகையையும் பொறுத்துக்கொள்ளும் அயலவர் உள்ளவருக்கு.

தரை

தண்ணீர், கண்ணாடி, கல், மணல், அலமாரி, சம்ப் எல்லாம் சேர்ந்து அரை தொன் வரும். அது நிற்கும் இடமோ அரைச் சதுர மீற்றர்தான். வீட்டு மாடித் தரைகளைப் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ என்ற கணக்கில்தான் கட்டுவார்கள். பழைய பங்களாக்களின் பலகைத் தரையில் வைப்பதானால் சுவரோரமாக, அடியில் ஓடும் உத்திரங்களுக்குக் குறுக்காக வையுங்கள். அதற்கு முன் கட்டட வேலை தெரிந்த பாஸ் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். லயத்துக் காம்பிராவில் தரை நிலத்தோடு இருப்பதால் பாரம் பிரச்சினையில்லை. பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் இடம்தான் பிரச்சினை. சம்ப் அலமாரியைத் திறக்கக்கூட ஒரு பாய் அகலம் வேண்டும்.

தண்ணீர், உப்பு, கல்

மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கடினத்தன்மையும் குறைவு. அதை நம்பி நேராக ஊற்றுவதுதான் ஆபத்து. கொப்புள நோய் 1946 இல் இலங்கைத் தேயிலைக்கு வந்தது முதல் மழைக்காலங்களில் செப்பு கலந்த பூஞ்சைக்கொல்லி அடிப்பது வழக்கம். செப்பு, மீன் தாங்கும் அளவிலேயே இறாலையும் நத்தையையும் முருகையையும் கொன்றுவிடும். மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஊறும் நீரில் பசளையின் நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் இருக்கலாம். அது பாசிக்குத் தீனி. மழைநீர் பிடிக்கலாமே என்றால், நாகமுலாம் (சிங்க்) பூசிய தகரக் கூரையிலிருந்து நாகம் கரையும். ஆகவே தண்ணீரை நுண்சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. வடிகட்டியும், அதன் பின்னே மிச்சம் கரைந்திருப்பதைப் பிடிக்கும் அயன் பரிமாற்றப் பிசினும்தான் வழி. ஆர்.ஓ. சவ்வுக்கு மூன்றரை, நான்கு பார் அழுத்தம் வேண்டும். பத்து மீற்றர் உயரத்துத் தாங்கி கொடுப்பது ஒரு பார்தான். அழுத்தம் கூட்டும் பம்ப் இல்லாமல் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். 15 டிகிரித் தண்ணீரில் உற்பத்தி கால்வாசிக்கு மேல் குறையும் என்பதால் இரவில் ஓடவிடாதீர்கள்.

உப்பில் அதிக யோசனை வேண்டாம். கடல்நீரைப் பவுசரில் ஏற்றி வரலாம். ஒருமுறைக்கு அது சரி, வாராவாரம் 30 லீற்றர் மாற்றுவதற்குச் சரிவராது. செயற்கைக் கடலுப்பில் அதே 30 லீற்றருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் போதும். கடை உப்பு உதவாது. கல்சியமும் மக்னீசியமும் அதில் போதாது. உப்பைக் கலப்பதற்கு முன் தண்ணீரைச் சூடாக்கிவிட்டு, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 வந்ததா என்று பாருங்கள்.

கல் விஷயத்தில் ஒரு வழி அடைபட்டது. இலங்கைக் கடலின் வன்முருகைகள் எல்லாமே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை; கடற்கரையிலிருந்து கல் பெயர்த்து வருவது பேச்சுக்கே இடமில்லாதது. 1998 இன் கடற்சூட்டில் ஹிக்கடுவைப் பாறைகள் வெளிறிச் செத்த பிறகு, சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்க மனம் வரக் கூடாது. திகன, மாத்தளைப் பக்கத்து டொலமைட் மலிவு, ஆனால் இறுகிய கல். பக்டீரியா குடியேறத் துளைகள் குறைவு, பாரமோ கூட. சீமெந்தும் கரடு மணலும் கலந்து நாமே வார்க்கும் கல் நல்லது; பல வாரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, பி.எச். இறங்கிய பிறகுதான் தொட்டிக்குள் வைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் நுண்துளைப் பீங்கான் கல்லை வாங்கலாம். சம்ப் உள்ளவருக்கு இன்னொரு வசதி: பீங்கான் துண்டுகளைக் கீழே கொட்டிவிட்டு, மேலே கல்லைக் குறைத்துத் தரைப் பாரத்தையும் இறக்கலாம்.

விளக்குக்கு எல்.ஈ.டி. போதும், பேச ஒன்றுமில்லை. மெட்டல் ஹேலைட் எனும் பழைய வகை விளக்கு சூடும் தருமே என்பார்கள். அந்தச் சூட்டில் அதிகம் கூரைக்குத்தான் போகும்.

பழைய இரண்டடித் தொட்டியை விற்காதீர்கள். குழாயால் இணைக்கவும் வேண்டாம். புது மீன் வந்தால் நாலைந்து வாரம் அதில் தனியாக வைத்து வெண்புள்ளி நோய் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்குச் செப்புப் போட்டிருந்தால் அந்தத் தொட்டியின் கல், மணல், பஞ்சு எதையும் பெரிய தொட்டிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வாளியைக்கூட வேறாக வையுங்கள்.