வெளிச்சுவரில் ஓடும் டிஷ் கேபிள்: பல மழைக்காலங்களுக்குப் பிறகு

டிஷ் மொட்டை மாடியில், டிவி தரைத்தளத்தில். இடையே சுமார் 25 மீட்டர் கேபிள். கட்டும்போதே சுவருக்குள் பைப் புதைக்காத வீடு என்பதால் வெளிச்சுவரைத் தவிர வேறு வழியில்லை. நாகர்கோவிலில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும். மழைக்கு இங்கே தாக்குப்பிடிக்கும் கேபிள் எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்.

டிஷ் பொருத்த வந்தவர் இழுத்துவிட்டுப் போனது வெள்ளை கேபிள். மேற்குச் சுவரின் வெயிலில் அந்த பிவிசி உறை மஞ்சளாகி, பிறகு நகம் பட்டாலே பொரிந்து உதிர்ந்தது. ஆனால் அதைக் கொன்றது வெயில் அல்ல, டிஷ் பக்கத்து முனைதான். கழற்றியபோது கனெக்டருக்குள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. உறையைக் கீறினால் அலுமினியப் பின்னல் வெண்பொடியாகக் கையில் வந்தது. கீழே இருந்த ஃபாயிலிலும் ஈரம். ஒரு முழம் தள்ளி வெட்டினோம், அங்கும் அதே கதி. முனையில் புகும் தண்ணீர் பின்னலின் இழைகளைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இறங்கிவிடுகிறது.

மழையில் படம் போனாலே கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. டிடிஎச் வருவது கேயு பேண்ட் என்ற மிக உயர்ந்த அலைவரிசையில். கனமழை அந்த அலைகளை வழியிலேயே விழுங்கிவிடும், மழை விட்டதும் படம் திரும்பும். மழை விட்டு வெயிலடித்த பிறகும் சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகின்றனவா? அப்போது கேபிளைப் பாருங்கள். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவியான எல்என்பி கீழே அனுப்புவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிக்னல். ஈரம் ஏறிய கேபிளில் உயர்ந்த அலைவரிசைகள்தான் முதலில் அடிபடும். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

பிறகு போட்டது ஆர்ஜி-6 வகைக் கறுப்பு கேபிள். உறை பாலிஎத்திலீன், அதில் கலந்த கரித்தூள்தான் புற ஊதாக் கதிருக்குக் காவல். இத்தனை கோடைக்குப் பிறகும் வழவழப்பு குறையவில்லை. வெளிர்மஞ்சள் சுவரில் கறுப்புக் கோடு என்று வீட்டில் இன்றும் முணுமுணுப்பு உண்டு. காதில் போட்டுக்கொள்வதில்லை.

கடையில், நடுக்கம்பி முழுச் செம்பு என்று இரண்டு மடங்கு விலை சொன்னார்கள். இவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் சிக்னல் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும். செம்பு பூசிய எஃகே போதும். எல்என்பியை இயக்க பாக்ஸிலிருந்து மேலே போகும் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்துக்குச் செம்பு நல்லதுதான், ஆனால் 25 மீட்டரில் வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தை, கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் கனெக்டருக்குச் செலவழிக்கலாம். கையால் திருகி மாட்டும் வகையை வெளியே பயன்படுத்தவே கூடாது. கம்ப்ரஷன் கனெக்டரின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினோம், இன்றுவரை பிரியவில்லை. எலக்ட்ரீஷியன்கள் சுற்றும் சாதாரண டேப் ஒரே கோடையில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும்.

நடுவில் ஜாயின்ட் கிடையாது, ஒரே நீளம். 25 மீட்டரில் மேல் அலைவரிசைகளுக்கு எப்படியும் ஏறக்குறைய 8 டெசிபெல் இழப்பு உண்டு. அதற்கு மேல் நாமே ஏன் கெடுக்க வேண்டும்? கிளிப் ஆணியை கேபிள் நசுங்கும்வரை அடிப்பதும் கெடுதல். நசுங்கிய இடத்தில் கேபிளின் 75 ஓம் மின்மறுப்பு மாறி சிக்னல் எதிரொலிக்கும். சன்ஷேட் மூலைகளில் மடக்காமல் உள்ளங்கை அகல வளைவு கொடுத்தோம். சுவர்த் துளை வெளிப்புறமாகத் தாழ்ந்திருக்க வேண்டும்; துளைக்கு முன் கேபிள் ஒரு தொங்கல் விட்டு மேலேறி நுழைந்தால் வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். துளையைச் சிலிக்கான் வைத்து அடையுங்கள். சிமென்ட் பூசினால் பின்னாளில் உளிதான் துணை.

குறை இல்லாமலில்லை. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அணில் கொறித்த தடம் தெரிந்ததும் அந்தப் பகுதியை மட்டும் பிவிசி பைப்புக்குள் விட்டோம். இடி இடிக்கும்போது பாக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றும் வேலையும் தொடர்கிறது. டிஷ் கம்பத்துக்கு இன்னும் எர்த் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும்விடத் தொல்லை பெயிண்ட் அடிக்க வருகிறவர்கள். கிளிப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கேபிளைச் சாரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். பழைய ஆணித் துளையில் கிளிப் மறுபடி நிற்காது. அதனால் பெயிண்ட் வாங்கும்போதே ஒரு பாக்கெட் கிளிப்பும் சேர்த்து வாங்கிவிடுகிறோம்.