மரக்கூழில் பிசின் நீக்க: தனி சர்ஃபாக்டன்டா, கலவையா?

தாளில் பழுப்புப் பொட்டுகள் விழுந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மரத்தின் பிசினைத்தான். கொழுப்பு அமிலம், ரெசின் அமிலம், ட்ரைகிளிசரைடு, ஸ்டெரால் எல்லாம் சேர்ந்த இந்தப் பிசுக்கு தாள் இயந்திரத்தின் வலையிலும் உருளையிலும் அப்பிக்கொள்ளும்.

கிராஃப்ட் முறையில், அதாவது மரத்தைக் காரக் கரைசலில் வேகவைத்துக் கூழாக்கும்போது, காரமே பெரும்பாதி வேலையை முடித்துவிடும். கொழுப்பு சோப்பாகி, அந்தச் சோப்பே மீதிப் பிசினையும் இழுத்துக்கொண்டு போகும். பைன் மரத்துக்கு இது சரி. பிர்ச்சில் ரெசின் அமிலம் கிடையாது. சோப்பாகாத பொருள்கள்தான் அதிகம். சல்ஃபைட் முறையோ அமிலச் சமையல், அங்கே சோப்புக்கே வழியில்லை. இந்த இரண்டு இடங்களில்தான் வெளியிலிருந்து சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பைப்போல் பிசுக்கை நீரோடு கலக்கவைக்கும் பொருள், தேவைப்படுகிறது.

எதிரயனி வகை, அதாவது நீரில் எதிர்மின்சுமை பெறும் சர்ஃபாக்டன்ட், பிசின் துளிகளுக்கு மின்சுமை கொடுத்து ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும். ஆனால் நீரில் கால்சியம் ஏறினால் தடுமாறும், நுரையும் அதிகம்.

அயனியற்ற வகைக்கு, அதாவது கொழுப்பு ஆல்கஹால் எத்தாக்சிலேட்டுகளுக்கு, கால்சியம் பொருட்டே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகவே கரைக்கும். அதன் எதிரி சூடு. கரைசலை பீக்கரில் சூடேற்றிப் பாருங்கள்: தெளிவாக இருந்தது ஒரு கட்டத்தில் பால்போல் கலங்கும். அதில் எதிரயனி வகையைச் சில சொட்டு விட்டால் மறுபடி தெளியும். மிசெல்கள், அதாவது சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகளின் சிறு திரள்கள், மின்சுமை பெற்று ஒன்றையொன்று தள்ளுவதே காரணம். சூடான காரக் கழுவலில் கலவை தாக்குப்பிடிப்பது இதனால்தான். இரண்டும் சேரும்போது, மிசெல் உருவாகக் குறைந்த அளவே போதும் என்பது கூடுதல் லாபம். என் வாக்கு கலவைக்கே.

ஒரு நிபந்தனை: நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் கலந்த சரக்கு வேண்டவே வேண்டாம். அது சிதைந்து வரும் நோனைல்ஃபீனால் மீன்களின் ஹார்மோனைக் குலைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2003-லேயே காகிதத் தொழிலில் அதற்குக் கடிவாளம் போட்டுவிட்டது.

சர்ஃபாக்டன்ட் தவிர வேறு வழிகளும் உண்டு. டால்க் என்னும் கனிமத் தூள் பிசினை அகற்றாது. ஒட்டும் தன்மையை மட்டும் அடக்கும். லிப்பேஸ் நொதி ட்ரைகிளிசரைடை உடைக்கும், மற்றவற்றைத் தொடாது. மரத்தை அரைத்துச் செய்யும் இயந்திரக் கூழுக்கு அது நல்ல துணை.

கலவையை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். பின்னால் நல்ல கழுவல் இல்லாத இடத்தில் போட்டால், கரைந்த பிசின் சுற்று நீரோடு திரும்பி வந்து மறுபடி இழையில் படியும். மிஞ்சிய சர்ஃபாக்டன்ட் தாளில் தங்கி, நீர் உறிஞ்சாமலிருக்கப் போடும் சைஸிங்கையும் கெடுத்துவிடும்.